பேச்சிலர் அறை அப்பாக்களுக்கு

அன்புள்ள அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

பஹ்ரைனில், குதைபியாவின் பழைய கட்டடங்களில் அறைக்கு நான்கு பேர், ஆறு பேர் என்று அடுக்குக் கட்டில் போட்டுத் தங்கியிருக்கும் தமிழ் அப்பாக்களுக்கு இந்த மடல். வாடகைக்கு விடுகிறவர் கணக்கில் நீங்கள் எல்லோரும் பேச்சிலர்தான். ஆனால் ஊரில் மனைவியும், நடக்கவும் பேசவும் பழகுகிற பிள்ளையும் உங்களில் பலருக்கு உண்டு என்பது தினமும் மாடிப்படியில் உங்களைக் கடந்து போகிற எனக்குத் தெரியும். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இங்க பாரு, அப்பாவப் பாரு, ஒரு தடவ அப்பான்னு சொல்லு" என்று நீங்கள் கெஞ்சுவது கோல்டு ஸ்டோர் மளிகைக் கடை வாசலிலும் குபூஸ் ரொட்டி அடுப்பு முன்னாலும் காதில் விழுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு சிணுங்கல் கேட்கும். பிறகு உங்கள் மனைவியின் குரல்: "இல்லீங்க, ஓடிட்டான்."

அந்தப் பிள்ளை ஏன் ஓடுகிறான் என்பதையும், அவனை நிற்க வைக்க முடியும் என்பதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது நிறையப் போகிறது. வீட்டுக்காரருக்குக் குடும்ப விசா எடுக்கிற அளவுக்குச் சம்பளம் அமைந்ததால் அவள் அப்பா மடியில் வளர்கிறாள். அது அமையாததுதான் உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம், வேறொன்றும் இல்லை. பக்கத்தில் வைத்து வளர்க்கக் கொடுத்து வைத்தவர்கள் பார்த்ததையும் படித்ததையும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மகள் கணக்கில் நான்கு. நான்காமவர் புஸ்ஸு மாமா. படுக்கையறை ஜன்னல் ஏசிக்குள் குடியிருக்கிறார். ஏசியைப் போட்டதும் புஸ் என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் அவர் எழுந்துவிட்டதற்கு அடையாளம். அவருக்கு மீசை உண்டு, செருப்பு கிடையாது, தயிர்சாதம் அறவே பிடிக்காது. தயிர்சாதம் இவளுக்கும் பிடிக்காது. டிசம்பரில் குளிர் வந்ததும் ஏசியை நிறுத்திவிட்டோம். "புஸ்ஸு மாமா எங்கடா காணோம்?" என்று அவள் அப்பா கேட்டார். கொஞ்சமும் தயங்காமல், "ஊருக்குப் போயிட்டாரு, லீவு" என்றாள். என்ன கொண்டு போனார் என்று நான் கேட்டேன். "முப்பது கிலோ."

ராஜா ராணி, காட்டுக்குள் சிங்கம் என்றெல்லாம் இவள் விளையாடுவதில்லை. தலையணைகள் கார்கோ பெட்டிகள். எடை பார்க்கும் மெஷினில் கரடி பொம்மையை ஏற்றி நிறுத்தி, "ஜாஸ்தி, எடு எடு" என்று அதட்டுவாள். போன வாரம் கரடிக்கு சி.பி.ஆர், அதாவது இந்த ஊர் அடையாள அட்டை, முடிந்துவிட்டது. புதுக் கார்டு வரும்வரை அது சோபாவை விட்டு இறங்கக் கூடாதாம், போலீஸ் கேட்குமாம். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயம் எதுவும் பிள்ளைகள் காதுக்குத் தப்புவதில்லை. விசா, டிக்கெட், லீவு, சி.பி.ஆர் என்று நம்மை ராத்திரி தூங்கவிடாத சொற்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்த பயத்தை எடுத்துவிட்டு அவள் விளையாடுகிறாள்.

ரமதான் பாதியில் கர்கூன் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஜரிகை வைத்த பழைய பாணி உடை போட்டு, கழுத்தில் பை மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடி வீடு வீடாகப் போய்க் கடலையும் மிட்டாயும் வாங்குகிற இரவு அது. கீழ்த்தளத்து பஹ்ரைனி அம்மா இவளுக்கும் ஒரு பை நிறையக் கொடுத்தார். இரண்டு நாளில் பை காலி. இவ்வளவையும் தின்றுவிட்டாளா என்று எனக்கு ஒரே கவலை. ஏப்ரலில் வெயில் ஏறி ஏசியைப் போட்டோம். புஸ் என்பதற்குப் பதில் கடகடவென்று மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம்.

ரிப்பேருக்கு வந்த தம்பி உங்களில் ஒருவர், அறந்தாங்கிப் பக்கம். முன் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டார். வேர்க்கடலை கொட்டியது. அப்புறம் இரண்டு முந்திரி, காகிதம் பிரிக்காத ஒரு மிட்டாய். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். "மாமா லீவு முடிஞ்சு வந்தா பசிக்கும்ல?" என்றாள்.

அந்தத் தம்பி அதட்டவில்லை, பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்பும் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்துவிட்டு ஏசியில் காதை வைத்தார். ஆம், ஆம் என்று தலையாட்டிக் கேட்டார். பிறகு இவளிடம், "கடலை வேணாங்கிறாரு பாப்பா. பல்லு வலிக்குதாம்" என்றார். "எந்தப் பல்லு?" "கடவாய்ப் பல்லு." உடனே ஓடிப்போய்த் தன் பல் தேய்க்கும் பிரஷை எடுத்து வந்து நீட்டினாள். அவர் அதை மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தன்னுடைய தூசு பிரஷை எடுத்து ஏசியின் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். "ஆ காட்டச் சொல்லு" என்று இவள் உத்தரவு போட, அவர் உள்ளே பார்த்து "ஆ காட்டுங்க மாமா" என்றார். வேலை முடிகிறவரை அவர் புஸ்ஸு மாமாவின் பல் டாக்டர். போகும்போது பிரஷைத் திருப்பிக் கொடுக்கவும் மறக்கவில்லை.

வாசலில் ஷூ மாட்டும்போதுதான் சொன்னார். ஊரில் ஒரு பையன், இவளைவிடச் சில மாதம் சின்னவன். ஒரு லீவில் பார்த்ததோடு சரி. போனில் வருவதில்லை. "என்ன பேசுறதுன்னே தெரியலக்கா. சாப்டியான்னு கேப்பேன். அவன் ஓடிருவான். அதோட முடிஞ்சுது." இப்போது உள்ளே செய்தீர்களே, அதையே அவனிடமும் செய்யுங்கள் தம்பி என்றேன். "போன்லயா?" என்று கேட்டார், நம்பிக்கை இல்லாமல்.

ஆமாம், போனில்தான். இது நான் ஆறுதலுக்குச் சொல்வதில்லை. 2014இல் சாரா ரோஸ்பெர்ரி, கேத்தி ஹெர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 24 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள 36 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். சில குழந்தைகளுக்கு ஒருவர் நேரில் உட்கார்ந்து புதுச் சொற்கள் கற்றுக் கொடுத்தார். சிலருக்கு வீடியோ காலில். சிலருக்கு முன்பே பதிவு செய்த வீடியோவில். பதிவு வீடியோ பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. நேரில் பார்த்தவர்களும் வீடியோ காலில் பேசியவர்களும் கற்றுக்கொண்டார்கள். பிள்ளை ஒன்று செய்தால் எதிரில் இருப்பவர் அந்த நொடியே அதற்குப் பதில் செய்கிறார் என்பதுதான் வித்தியாசம். திரை நடுவில் இருப்பது அதைக் கெடுக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல், ஒன்றரை வயதுக்குள் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொன்னபோதும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. யூடியூப் வேறு, அப்பா வேறு என்று மருத்துவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு ஏன் ஓடுகிறான்? உங்கள் கேள்விகளைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். சாப்டியா, என்ன சாப்ட, அப்பா பேரு என்ன, ஏ பி சி டி சொல்லு, எங்க ஒரு முத்தம் குடு. அத்தனையும் பரீட்சை. இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் காலையில் தின்ற இட்லி முடிந்து போன கதை. அவன் கையில் இப்போது ஒரு கரண்டி இருக்கும், அது கரண்டியாகவும் இருக்காது. பஸ்ஸாக இருக்கும், பாம்பாக இருக்கும். அந்த பஸ்ஸைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் அவன் நிற்பான்.

பாவனை விளையாட்டு என்பது அந்த வயதின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை வயதை ஒட்டித் தொடங்கும் அதுதான் அவர்களுக்கு முழுநேர வேலை. ழான் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் கூடவே இருந்து பார்த்துக் குறித்து, 1945இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புஸ்ஸு மாமாவைப் போன்ற கண்ணுக்குத் தெரியாத ஆட்களைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். மார்ஜரி டெய்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு அப்படிக் கற்பனைத் துணை ஒன்று இருந்திருக்கிறது. உயிருள்ளதாகப் பாவித்த பொம்மைகளையும் சேர்த்து. உங்கள் மகன் சுவரோடு பேசுகிறான் என்று உங்கள் மனைவி பயந்து சொன்னால், சுவர் என்ன பதில் சொன்னது என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இனி நேரம். நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். வேலை முடிந்து, கம்பெனி வண்டியில் வந்து, குளியலறை வரிசையில் நின்று குளித்து நீங்கள் போனை எடுக்கும்போது இங்கே மணி ஏழரை. அங்கே பத்து. பிள்ளை தூக்கத்தில் சிணுங்குகிற நேரம். அந்த நேரத்தில் எழுப்பி உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். வெளி வேலை செய்கிறவர்களுக்குக் கோடையில் ஒரு நல்ல நேரம் இருக்கிறது. 2007 முதல் பஹ்ரைன் அரசு வெயில் காலத்தில் பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. முன்பு ஜூலை, ஆகஸ்ட் மட்டும். 2025இல் அதை ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நீட்டினார்கள். இங்கே ஒன்றரை மணி என்றால் ஊரில் நான்கு மணி. மத்தியானத் தூக்கம் தெளிந்து, பால் குடித்து, என்ன விளையாடலாம் என்று பிள்ளை வீட்டைச் சுற்றிப் பார்க்கிற நேரம் அது. உங்கள் ஓய்வு நேரத்தை நான் பங்கு கேட்கவில்லை. பத்து நிமிடம் போதும், மீதியில் தூங்குங்கள். கடையிலும் ஓட்டலிலும் நிற்கிறவர்களுக்கு அந்தத் தடையும் கிடையாது, வெள்ளிக்கிழமை விடுமுறையும் கிடையாது. காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அவர்கள் பார்க்கலாம். இங்கே ஆறு என்றால் அங்கே எட்டரை.

எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் அம்மாவோடு என் மகள் போனில் பேசும்போது பார்த்ததை வைத்து. போனைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் சிவப்புப் பட்டனை அழுத்திவிடும், அல்லது விட்டத்தைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். தரையில், அவன் உட்கார்ந்த உயரத்துக்கு, சொம்பிலோ அரிசி டப்பாவிலோ சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அவன் போய்விட்டால் கூப்பிடாதீர்கள். அப்படியே இருங்கள், ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருங்கள். எங்கள் அம்மா கீரை ஆய்வார்கள். இவள் திரும்பி வந்து, அந்தக் கீரையில் ஒரு கட்டு தனக்கு விலைக்கு வேண்டும் என்பாள். அம்மா பேரம் பேசுவார்கள். அரை தினாரில் தொடங்கி ஐம்பது ஃபில்ஸில் முடிந்து, கீரை திரை வழியாக இந்தப் பக்கம் வந்து, எங்கள் அடுப்பில் வெந்து, எல்லோரும் தின்று ஏப்பம் விட்டாயிற்று. ஒரு தழையைக்கூட யாரும் தொடவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொருள் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஒரு தம்ளர், அங்கே ஒரு தம்ளர். நீங்கள் கரக் டீயை ஊதினால் அவன் வெறும் தம்ளரை ஊதுவான். அதிகச் சூடு என்று நீங்கள் துள்ளிக் குதித்தால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான், அப்புறம் அதையே பத்துத் தடவை செய்யச் சொல்வான். செய்யுங்கள். பிள்ளைகளுக்கு அலுப்பதில்லை.

உங்கள் அறையையும் காட்டுங்கள். கூச்சப்பட வேண்டாம். அடுக்குக் கட்டில் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம், பிள்ளைக்கு அது மாடி வைத்த பஸ். ஹெல்மெட், மஞ்சள் கோட்டு, டிபன் கேரியர், பக்கத்துக் கட்டில் மாமாவின் குறட்டை, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி, எல்லாமே அவனுக்குப் புதையல். அப்பா எங்கோ இருக்கிறார் என்ற நிலை போய், அப்பா இந்த மாடி பஸ்ஸில் கீழ்ச் சீட்டில் இருக்கிறார் என்று அவனுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

உங்கள் வீட்டம்மாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாமல் கேட்பார்கள் என்று நம்புகிறேன். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும், "சாப்பிடலன்னா அப்பா வர மாட்டாரு", "இரு, அப்பாகிட்ட சொல்றேன்" என்ற இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அப்பா வராததற்குத் தான் தின்னாத சோறுதான் காரணம் என்று ஒரு பிள்ளை நம்பினால், அதை எந்த மிட்டாயைக் கொண்டும் மாற்ற முடியாது. அதற்குப் பதில், அவன் இன்றைக்கு என்னவாக இருக்கிறான் என்று உங்களுக்கு ஒரு வரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். "காலைலேர்ந்து ஐயா கண்டக்டர். விசில் வேணுங்கிறாரு." இந்த ஒரு தகவல் போதும், சாயங்காலம் நீங்கள் டிக்கெட் கேட்டுக்கொண்டே திரையில் வரலாம்.

லீவில் போகும்போது நடப்பதும் இதோடு சேர்ந்ததுதான். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி ஓடிப் போய்த் தூக்குகிறீர்கள், பிள்ளை வீரிட்டு அழுது அம்மா தோளில் ஒளிகிறது. அந்த நொடி எவ்வளவு வலிக்கும் என்று இங்கே பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன். பெட்டி நிறைய பேட்டரி கார் இருந்தாலும் அது மாறாது. பெட்டியைப் பிரித்ததும் பிள்ளை காரை விட்டுவிட்டு அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அந்தப் பெட்டியைத் தள்ளுகிறவர்தான் அதற்கு வேண்டியவர். போனில் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்த அப்பாவாக நீங்கள் இறங்கினால், அழுகை நின்றதும் தொட்டுப் பார்க்க ஒரு விரலாவது நீளும். ஒரேயடியாகத் தூக்காதீர்கள். தரையில் உட்காருங்கள், அவன் வருவான்.

தூரத்தில் இருப்பவரை விளையாட அழைப்பது தமிழுக்குப் பழக்கமில்லாத காரியம் இல்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் அம்புலிப் பருவம் முழுவதும் அதுதான். எட்டாத நிலாவை, எங்கள் பிள்ளையோடு ஆட வா என்று நயமாகக் கேட்டு, ஆசை காட்டி, கடைசியில் மிரட்டியும் பார்ப்பார்கள். மீனாட்சிக்காகக் குமரகுருபரர் பாடியதும், அவருக்கு முன்னும் பின்னும் புலவர்கள் பாடியதும் இந்த முறையில்தான். நிலா இறங்கி வரவில்லை. உங்களுக்கு அந்தத் தடை கிடையாது. துபாயில் வாட்ஸ்அப் காலுக்கு இருக்கிற கட்டுப்பாடும் நமக்கு இங்கே இல்லை.

அறந்தாங்கித் தம்பியைச் சில வாரம் கழித்துக் கீழே பார்த்தேன். பையன் இப்போது தன்னை ஆடு என்று சொல்லுகிறானாம். இவர் இங்கேயிருந்து குழை போட வேண்டும், அவன் அங்கே மெல்லுவான். அறையில் கூட இருக்கிறவர்களும் கீரைக்கட்டு, புதினா என்று கையில் கிடைத்ததைத் திரைக்கு முன்னால் நீட்டுகிறார்களாம். ஒருநாள் ஆடு திரும்பி இவரை முட்டியதாம். சொல்லும்போது நெற்றியைத் தடவிக்கொண்டார்.

இந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஊரில் பதினொன்றரைக்கு, போன் போடுங்கள். சாப்பாட்டை மனைவியிடம் விசாரித்துக்கொள்ளலாம். பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இன்னைக்கு அப்பா யாரு?" நாய் என்றால் குரையுங்கள். தூங்குகிற தாத்தா என்றால் குறட்டை விடுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் ஊரில் ஒரு பிள்ளை இருக்கும்.

அன்புடன்,
மூன்றாவது மாடியில் குடியிருக்கும் உங்கள் சகோதரி
குதைபியா, மனாமா